மூடுவது எப்போது பாவம்?



வேதத்தில் இரண்டு இடங்கள் என்னை ரொம்ப நாள் குழப்பியதுண்டு. தன் தப்பை மறைத்து வைக்கிறவன் உருப்பட மாட்டான் என்று நீதிமொழிகள் 28:13 நம்மை எச்சரிக்கிறது. 1 பேதுரு 4:8-ஐப் பார்த்தாலோ, மூடுவதுதான் அன்பின் வேலை என்கிறது. அப்படியானால் மூடலாமா, கூடாதா? வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது பரீட்சையில் இதற்குப் பதில் எழுதினேன். மார்க்கும் கிடைத்தது. ஆனால் பதில் எனக்கு விளங்கியது, ஒரு பழைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தபோதுதான்!

நம் சபைச் சகோதரர் ஒருவரிடம் அவருடைய தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை செய்த வண்டி அது. நம் சென்னையின் சொந்தப் பிள்ளை. இன்றைய கார்களில் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வரும். ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. ஆகவே சேஸிஸ் கெட்டால் வண்டியே கெட்டது.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது இந்தக் கார் கதவு வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் மேலே கழுவினார்கள், பாலிஷ் போட்டார்கள், சீட்டு மாற்றினார்கள். கீழே சேஸிஸ் மூலைகளில் ஒட்டிய சேற்றை யாரும் பார்க்கவில்லை. சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

வருடங்கள் கழிந்து, வண்டியை விற்க நினைத்தார். நான் ஊழியத்துக்கு வருமுன் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அதனால் என்னைக் கூப்பிட்டார்.

"கீழே கொஞ்சம் துரு இருக்கு பாஸ்டர். கருப்பு கோட்டிங் அடிச்சிட்டா பளபளன்னு ஆயிடும். வாங்குறவர் என்ன, படுத்தா பார்க்கப் போறார்?"

"அவர் கேட்டா என்ன பிரதர் சொல்லுவீங்க?"

"கேட்டாத்தானே! நான் பொய் ஒண்ணும் சொல்லலையே."

பிரியமானவர்களே, வாய் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் கருப்புப் பெயின்ட் பொய் சொல்லுமே! இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. நம் ஊரில் கடல் காற்றின் உப்பு வேறு அதற்குக் கால் முளைக்க வைக்கிறது. துருவின் மேல் பெயின்ட் அடித்தால் துரு சாகாது. உள்ளே ஈரத்தோடு இருந்துகொண்டு தின்னும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிப்பது. ஆகவே ஒரு நாள் பெயின்டையும் தூக்கிக்கொண்டு செதில் செதிலாக வெளியே வரும்.

பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-ல் திறந்தது. 1964 டிசம்பர் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. அந்தச் சேதம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது; 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் சத்தமில்லாமல் தின்ற துருவினால் தூக்குப் பாலப் பகுதி பலவீனப்பட்டு, 2022 டிசம்பரில் ரயில் நின்றே போனது. 2025 ஏப்ரலில் புதுப் பாலமே திறக்க வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த புயலைவிடத் தெரியாத துரு பொல்லாதது!

இதையெல்லாம் சொன்னதும் சகோதரர் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை வண்டியை ஜாக்கியில் தூக்கி, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். (வாலிபர்களே, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.) சேற்றைக் கழுவிக் காயவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டித் தட்டிப் பார்த்தேன். ணங்கென்று சத்தம் வந்தால் மேல்துருதான். முனை உள்ளே இறங்கினால் மருந்து வேலைக்காகாது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே ஒரு இடத்தில் இறங்கியது. மற்றதையெல்லாம் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. "மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். மறுநாள் ஓய்வுநாள் ஆராதனை.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால், தேய்த்த இடமெல்லாம் மஞ்சள் தூவியதுபோல் புதுத் துரு! ஐப்பசி மாத ஈரக்காற்று. துருவை எடுத்தது சரி. எடுத்த இரும்பை வெறுமையாக விட்டதுதான் தப்பு.

அந்த மஞ்சளைப் பார்த்தபோது, பல வருடங்களுக்கு முன் நம்மோடு இருந்த ஒரு தம்பியின் முகம் என் கண்முன் வந்தது. அவன் ஒரு காரியத்தில் விழுந்தான். தானே என்னிடம் வந்து அழுது அறிக்கையிட்டான். நான் என்ன செய்தேன்? அடுத்த ஞாயிறு, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் ஆள் தெரியும்படி, பிரசங்கத்தில் அதைச் சொன்னேன். சத்தியத்தைச் சொன்னதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. அவன் மறுபடி வரவேயில்லை. அவனைச் சுரண்டினேன், ப்ரைமர் அடிக்காமல் போய்விட்டேன்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. கருப்பு கோட்டிங்கும் மூடுகிறது, ப்ரைமரும் மூடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. வித்தியாசம், அடியில் துரு இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்பதில்தான். தன் துருவைத் தானே மூடுவது ஏமாற்று. துருவை ஒப்புக்கொண்டு எடுத்தவனை அடுத்தவன் மூடுவது அன்பு. ஆதியாகமம் 3-ஐ எடுத்து வாசியுங்கள். ஆதாம் இலையைத் தைத்து ஒளிந்தான்; தேவன் கூப்பிட்டு விசாரித்தார். ஆனால் விசாரித்தபின் அவனை அம்மணமாக அனுப்பிவிட்டாரா? தோல் உடை உடுத்தியல்லவா அனுப்பினார்!

திங்கட்கிழமையே மறுபடி தேய்த்தோம். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து பூசினோம். அது மிச்சத் துருவோடு சேர்ந்து கெட்டியான படிவமாக மாறிவிடும். காய்ந்ததும் துடைத்து, பொழுது போகுமுன் ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்தோம். மறுநாள் இன்னொரு கை. ப்ரைமர் மட்டும் ஈரத்தை முழுசாகத் தடுக்காது என்பதால், அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே அதே கருப்பு கோட்டிங். இப்போது அது பொய் சொல்லவில்லை.

வாங்க வந்தவரிடம் தகடு வைத்த இடத்தைச் சகோதரரே காட்டினார். விலை கொஞ்சம் குறைந்தது. தூக்கம் குறையவில்லை.

நான் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறான். கடை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டீ சாப்பிடுறீங்களா அண்ணே?" என்றான். இன்னும் சபைக்கு வரவில்லை. நான் மாதம் ஒருமுறை டீ சாப்பிடப் போகிறேன்.

அன்பானவர்களே, உங்கள் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது? உங்களை நம்பித் தன் துருவைக் காட்டியவரை எப்படி விட்டிருக்கிறீர்கள்? பொழுது சாயுமுன் போங்கள். கர்த்தர் தாமே உங்களுக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.