பிழைத்தவள்

தமிழில் 'பிழை' என்றால் குற்றம். 'பிழைத்தல்' என்றால் தவறுதல். உயிர் தப்புதலும் பிழைத்தல்தான். எய்த அம்பு குறி தவறினால் அம்பு பிழைத்தது என்பார்கள். அம்பு பிழைத்ததால் மானும் பிழைத்தது. சிலப்பதிகாரத்தின் பதிகம் அரசநீதி தவறியவர்களைச் சொல்ல இந்த வினையைத்தான் ஆள்கிறது. அதே மதுரையில் இன்று ஒருத்தி இன்னொருத்தியிடம் "ஏதோ பொழப்பு ஓடுது" என்று சொல்லும்போதும் அதே வினைதான் தேய்ந்து ஒலிக்கிறது.

குற்றமும் உயிர்வாழ்தலும் ஏன் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்தன? மொழியியல் இதற்கு எளிய விடை தரும். அறவியலுக்கு அது போதாது. பிழைத்திருப்பவள் எந்தப் பிழையின் மீது நின்றுகொண்டிருக்கிறாள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தக் கேள்வியை நான் வைத்துப் பார்க்க விரும்பும் இடம், பண்டிதர்கள் திரும்பியும் பார்க்காத ஓரிடம்: ஆதிகாலத்தைப் பற்றிய அனிமேஷன் படங்கள். டைனோசர், மாமூத யானை, குகை மனிதன், கோரப்பல். குழந்தைகளுக்கென்று நாம் ஒதுக்கிவைத்த கதைகள்.

இந்தக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலும் தாய் சீக்கிரம் செத்துப்போவாள். 1988இல் வந்த 'தி லேண்ட் பிஃபோர் டைம்' படத்தில் கூர்ப்பல் டைனோசரோடு போராடி, குட்டியைக் காப்பாற்றிவிட்டு, காயத்தால் தாய் இறக்கிறாள். 2002இல் வந்த 'ஐஸ் ஏஜ்' படத்தில் கைக்குழந்தையோடு அருவியில் குதிக்கும் மனிதத்தாய், குழந்தையை மாமூத யானையின் பக்கம் தள்ளிவிட்டு நீரில் மறைந்துபோகிறாள். அதன்பிறகுதான் சாகசம் தொடங்குகிறது. பிழைத்தல் என்ற கதைக்குத் தாயின் சாவு நுழைவுச்சீட்டு. அவள் பிழைத்திருந்தால் கதையே இல்லை. உயிரைக் கொடுப்பவள் தாய், உயிரோடு நடந்து ஊரைப் பார்ப்பவன் மகன் என்ற பங்கீடு, பனியுகம் வரைக்கும் பின்னோக்கிப் போய் எழுதப்பட்டிருக்கிறது. ஆதியிலேயே அப்படித்தான் இருந்தது என்று நம்பவைக்க, ஆதியைவிட வசதியான இடம் எது?

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் குலைத்த படைப்பு ஒன்று உண்டு. கெண்டி டார்ட்டகோவ்ஸ்கி உருவாக்கிய 'பிரைமல்' தொடர், 2019 அக்டோபரில் வெளிவந்தது. பெரியவர்களுக்கான கார்ட்டூன். மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்குப் பிறகுதான் மனிதர் வருகிறார்கள். அந்தக் கணக்கைத் தொடர் கண்டுகொள்வதில்லை. முதல் பருவத்தில் வசனம் கிடையாது என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலம் தெரியாத எவரும் அமர்ந்து பார்க்கலாம். உறுமலுக்கும் அழுகைக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

முதல் பகுதியிலேயே ஸ்பியர் என்ற குகை மனிதன் தன் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொம்புள்ள டைனோசர்களுக்குப் பறிகொடுக்கிறான். அதே கூட்டம் ஃபேங் என்ற பெண் டைனோசரின் இரண்டு குஞ்சுகளையும் தின்றுவிடுகிறது. மனைவி இறந்தால்தான் கணவனின் கதை நகரும் என்ற பழைய வழக்கத்தை இந்தத் தொடரும் விடவில்லை. ஆனால் கூடவே ஒரு தாயை உயிரோடு விட்டுவைக்கிறது. அவளை மனித உருவில் விட்டுவைக்கவில்லை, பல்லும் நகமுமாக விட்டுவைக்கிறது. நாம் பயப்படவேண்டிய உருவம் எதுவோ அதுவே பிள்ளையை இழந்த தாயாகவும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். இரைக்காகச் சண்டை போடுகிறார்கள். மெல்லப் பங்கிடக் கற்கிறார்கள்.

மூன்றாம் பகுதியில் பனிக்காட்டில் பசியோடு அலையும் இவர்கள், கூட்டத்திலிருந்து பின்தங்கிய ஒரு கிழட்டு மாமூத யானையைக் கொல்கிறார்கள். அதன் கூட்டம் தேடி வந்து தாக்குகிறது. கடைசியில் இறந்ததன் தந்தம் கூட்டத்திடமே திரும்பிப் போகிறது. யானைகள் அதைச் சூழ்ந்து நின்று துக்கம் காக்கின்றன. இந்த இடத்தில் யார் அரக்கர்? யானைகளின் பக்கமிருந்து பார்த்தால் ஸ்பியரும் ஃபேங்கும்தான். அவர்கள் பிழைத்தது அந்தப் பிழையால். தமிழ்ச் சொல் சொல்லிவைத்ததை அந்தக் கார்ட்டூன் சொல்லே இல்லாமல் காட்டிவிடுகிறது. தொடரில் பின்னால் வரும் ஒரு சூனியக்காரி, அவர்கள் இருவரின் நினைவுகளுக்குள் புகுந்து பார்த்து, தன்னைப்போலவே பிள்ளையை இழந்தவர்கள் என்று உணர்ந்து, தன்னை அழித்துக்கொண்டு அவர்களைத் தப்பவிடுகிறாள். அரக்கி, சூனியக்காரி, பேய் என்று பெயர் வைக்கப்பட்டவளுக்குள் ஒரு துக்கம் இருக்கிறது என்பதை அறிய, யாராவது அவள் நினைவுக்குள்ளும் ஒருமுறை போய்வர வேண்டும்.

'ஐஸ் ஏஜ்' வரிசையின் மூன்றாம் படத்தில், 2009இல், சிட் என்ற தேவாங்கு போன்ற பிராணி மூன்று முட்டைகளைக் கண்டெடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. குஞ்சுகள் பொரிந்ததும் பூமியதிர ஒரு ராட்சத டைனோசர் வருகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். அது வந்தது தன் குஞ்சுகளைத் தேடி. திருடியவன் நகைச்சுவை நாயகன், திருட்டுக் கொடுத்தவள் பயங்கர மிருகம். படம் குழந்தைகளைச் சிரிக்கவைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிடுகிறது.

அறிவியலின் வரலாற்றில் இதே கதை நடந்திருக்கிறது. 1923இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், முட்டைகள் நிறைந்த கூட்டின்மேல் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. வேறொரு இனத்தின் முட்டைகளைத் திருட வந்து செத்தது என்று முடிவு கட்டி, அடுத்த ஆண்டே அதற்கு 'ஓவிராப்டர்' என்று பெயர் வைத்தார்கள். முட்டைத் திருடி என்று பொருள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1993இல், அதே மாதிரியான முட்டை ஒன்றுக்குள் இருந்த கரு ஆராயப்பட்டபோது உண்மை வெளிப்பட்டது. அவை அந்த இனத்தின் சொந்த முட்டைகள். அடைகாக்கும் நிலையிலேயே இறந்த எலும்புக்கூடுகளும் பிறகு கிடைத்தன. தன் கூட்டின்மேல் கிடந்த உயிருக்குத் திருடி என்று பெயர். பெயர் சூட்டும் விதிகளின்படி முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பதால், இன்றும் அது முட்டைத் திருடிதான்.

அடைகாத்தது தாயா தந்தையா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. தந்தையாக இருக்கலாம் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் நமக்கு வேண்டிய செய்தியே. காப்பது என்பது பெண்ணுடலின் சுபாவம் அல்ல, யாரும் செய்யக்கூடிய ஒரு செயல். அது தவறும்போது பெண்ணை மட்டும் அரக்கி என்பதற்கு இயற்கையின் சாட்சி கிடையாது.

இப்போது கோபியிலிருந்து மதுரைக்கு வரலாம். தேனி போகும் சாலையில் 40 கிலோமீட்டருக்குள் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்து மக்களுக்குப் பிறப்பிலேயே திருடர் என்று ஒரு பெயர் வைக்கப்பட்டது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டு, பிறமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. ஊர்க்காரர்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சட்டம் போனது, பெயர் சட்டத்தோடு போய்விடவில்லை.

அதே உசிலம்பட்டியின் பெயர் 1986இல் 'இந்தியா டுடே' வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் போனது: பெண் சிசுக்கொலை. கள்ளிப்பால், எருக்கம்பால், நெல்மணி என்ற சொற்கள் தில்லிவரைக்கும் தெரிந்தன. சேலம், தருமபுரிப் பக்கமும் இது நடந்தது. ஒரு தாலுகாவுக்கோ ஒரு சாதிக்கோ உரிய வழக்கமல்ல. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கி, பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. இத்தனைக்கும் நடுவே பொதுப்புத்தியில் தங்கிய உருவம் ஒன்றே: பாலாடையில் கள்ளிப்பால் வைத்திருக்கும் கிராமத்துக் கிழவியும், பக்கத்தில் தலைகவிழ்ந்த தாயும். கணவனும் மாமனாரும் அந்தச் சித்திரத்தின் விளிம்புக்கு வெளியே. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்ட நாட்டில், பவுன் கேட்டவர்கள் யாரும் அரக்கர்கள் ஆகவில்லை.

இங்கே நான் கவனமாக இருக்க வேண்டும். அரக்கியின் மனத்தைப் புரிந்துகொண்டால் அவள் செய்ததும் இல்லையென்றாகிவிடுமா? ஆகாது. ஓவிராப்டர் திருடவில்லை, அதன்மேல் விழுந்தது பொய்ப்பழி. உசிலம்பட்டியில் குழந்தைகள் உண்மையாகவே இறந்தார்கள். அவர்களுக்கு மூச்சு இருந்தது, சிலருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஒரு தாய் கட்டாயத்தின்பேரில் செய்தாள் என்பது அந்தக் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் எந்த ஆறுதலும் இல்லை. பெண்ணியம் பெண்ணின் கையைக் கழுவிவிடும் வேலையல்ல. கொல்லப்பட்டவளும் பெண்தான்.

ஆனால் 'அரக்கி' என்ற சொல் அந்தக் குழந்தைக்கு என்ன செய்தது என்று கேட்க வேண்டும். விசாரணையை அங்கேயே நிறுத்தியது. அரக்கிக்குக் காரணம் தேவையில்லை, அரக்கி என்பதே காரணம். பல்லும் நகமும் உள்ள மிருகத்தைக் காட்டிவிட்டால், பார்ப்பவர்கள் தங்கள் கையைப் பார்க்கமாட்டார்கள். ஸ்கேன் வந்தபிறகு கள்ளிப்பால் குறைந்தது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியிருந்தது. குளிரூட்டிய அறையில், வெள்ளைக்கோட்டு, ரசீது, பிறகு வேறொரு இடத்தில் கருக்கலைப்பு. அதைச் செய்தவர்கள் நகரத்தில், படித்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் திகில் படம் எடுக்கவில்லை. முகமில்லாத அரக்கனைப் படம் வரைவது கஷ்டம்.

என் மாணவிகளில் ஒருத்தி, குடும்ப வரலாறு எழுதச் சொன்னபோது, "எனக்கு மேலே ரெண்டு பேர் இருந்தாங்களாம் மேடம், அவங்களைப் பத்தி எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அம்மாவை எங்கும் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. அக்காக்கள் இருந்திருந்தால் யாருக்கு யார் தலை பின்னிவிட்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். அரக்கி என்ற சொல்லுக்கு அதில் இடமே இல்லை. இல்லாதவர்களுக்கு இடம் இருந்தது.

பிழைத்தவளின் அறம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சாகசக் கதைகள் பிழைத்தலை வெற்றியாகச் சொல்கின்றன. வலியவன் நின்றான், தகுதியுள்ளவன் தப்பினான் என்கின்றன. 2013இல் வந்த 'தி குரூட்ஸ்' படத்தின் தந்தை இன்னொன்றைச் சொல்கிறார்: எப்போதும் பயந்துகொண்டே இரு, குகையைவிட்டு வெளியே வராதே, பிழைப்பாய். அவருடைய மகள் ஈப் அதை ஏற்க மறுப்பதுதான் படம். மதுரையின் புறநகர்களிலிருந்து பேருந்து பிடித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு அந்தத் தந்தையை நன்றாகத் தெரியும். "இருட்டுறதுக்குள்ள வந்துரு" என்ற குரலில் அன்பும் உண்டு, குகையும் உண்டு. கருவிலும் தொட்டிலிலும் அம்பு குறி தவறியதால் பிழைத்தவளை, மிச்ச வாழ்நாளெல்லாம் அம்புக்குப் பயந்தே இருக்கச் சொல்வதும் ஒருவகைப் பிழைதான்.

அம்பு பிழைத்ததில் அவள் திறமை எதுவும் இல்லை. இரண்டாவதாகப் பிறந்ததோ, பாட்டி வெளியூர் போயிருந்ததோ, அந்த வருடம் மழை பெய்ததோ காரணமாக இருக்கலாம். அதனால் அவள் வெட்கப்படவேண்டியதும் இல்லை, தன்னை வென்றவளாக நினைத்துக்கொள்ளவேண்டியதும் இல்லை. தந்தத்தைக் கூட்டத்திடம் திருப்பிக் கொடுக்கும் செயல் ஒன்று மட்டும் அவள்முன் இருக்கிறது: தான் நிற்கும் இடத்தில் யார் நிற்கவில்லை என்பதைச் சொல்வது. அவர்களை எண்ணுவது. யார் எய்தது, வில்லைச் செய்து கொடுத்தது யார், அம்புக்கு விலை பேசியது யார் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்பது. அரக்கர்களின் பெயரால் அல்ல. மனிதர்களுக்கு உரிய பெயரால்.