நீர்க்கட்டிக்கு மானியம் உண்டா?

தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுக்கிறது. கொடுக்கட்டும். எங்க குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரி, மல்லாட்டை, கரும்பு விளைகிற பூமி. பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே நிலக்கரி வெட்டணும்னா அடியில் இருக்கிற ஊற்றுநீரை ராவும் பகலும் இறைத்தாக வேண்டும். தண்ணீரின் அருமையை எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. சேமிப்புக்கான பணம் யாருக்குச் சேர வேண்டும்?

சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல் காட்ட வேண்டும். வாய்வார்த்தையில் வாரத்துக்குப் பயிர் வைக்கிறவரிடம் காட்ட ஒரு காகிதமும் கிடையாது. கூலிக்காரருக்கு அந்த வரிசையில் நிற்கவே வழியில்லை. ஆதிதிராவிடருக்குச் சில திட்டங்களில் கூடுதல் மானியம் இருக்கே என்பார்கள். இருக்கு, பட்டா உள்ள ஆதிதிராவிடருக்கு. கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு 29 பேர் நாம். நம்ம தெருவில் எத்தனை வீட்டில் சிட்டா இருக்கிறது?

குழாய் வந்தால் மடை மாற்றுகிறவருக்கும் களை எடுக்கிற பெண்களுக்கும் வேலை நாள் குறைகிறது. தண்ணீரோடு அவர்கள் கூலியும் சேர்ந்துதான் நிலக்காரருக்கு மிச்சம். மானியக் கணக்கில் இந்த நட்டத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆனால் தண்ணீரைக் காத்தது யார்? தமிழ்நாட்டின் பல ஏரிப்பாசன ஊர்களில் மடையைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீரைப் பங்கிட்டவர் நீர்க்கட்டி. பெரும்பாலும் நம்ம ஆளுங்க. சம்பளம், அறுவடையில் அளக்கிற நெல். ஏன் அவரை வைத்தார்கள்? ஆயக்கட்டில் அவருக்கு நிலம் கிடையாது, ஆகவே ஓரவஞ்சனை இல்லாமல் பங்கிடுவார் என்றார்கள். அன்றைக்கு நிலமில்லாததே அவருடைய தகுதி. இன்றைக்குத் தண்ணீர் காக்கப் பணம் வரும்போது, அதே நிலமில்லாமை அவருடைய தகுதிக்குறைவு. இது எந்த ஊர் ஞாயம்?

நம்ம ஊரில் மட்டும் நடக்கிற கதையல்ல. 1933இல் அமெரிக்க அரசாங்கம், பருத்தி சாகுபடியைக் குறைக்க நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. நிலம் தரிசானதும் வாரக்குடிகள் வேண்டாதவர்கள் ஆனார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். 1934இல் ஆர்கன்சாவில் இரண்டு நிறத்தாரும் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். 1936இல் வந்த புதுச் சட்டம், அந்தப் பணத்துக்கு மண்வளப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தது.

நிலக்காரர் முதல் போடுகிறார், கடன் அவர் தலையில் என்று ஒரு வாதம் உண்டு. சிறு விவசாயியைப் பொறுத்தவரை அது உண்மை. அவர் கையிலிருக்கிற பணத்தைப் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. மண்ணையும் நீரையும் காப்பது உழைப்பு என்றால், அந்த உழைப்புக்கும் மானியத்தில் பங்கு வை என்கிறேன். வாரக்குடியை எழுத்தில் பதிவு செய். குழாயால் போன வேலை நாளுக்கு ஈடு கொடு.

நிலம் இருந்தால்தான் பணம் என்றால், நிலத்தைக் கொடு. 1892இல் வெள்ளைக்கார அரசாங்கம் நமக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தில் எவ்வளவோ இன்று பிறர் கையில். 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அதைக் கேட்டுப் போராடினார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். பஞ்சமி நிலத்தைப் பிறர் பேரில் ஆக்கிய பட்டாவைக் காட்டினாலும், அதற்கும் மானியம் கிடைக்கும். அதை யாருடைய நிலத்தின் பேரில் கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டிய இடம் ஒவ்வொரு கிராமசபையும்தான்.