கண்டுபிடிப்பும் கைம்மாறும்

மலாக்கா நகரிலிருந்து மூவாரை நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையில் உம்பாய் என்னும் சிற்றூர் இருக்கிறது. மாலை வேளைகளில் சுட்ட மீன் உண்பதற்காக வெளியூரார் பலர் அங்கே வந்து கூடுவர். கடலைப் பின்னே விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் காட்சி மாறிவிடும். மெர்லிமாவ், ஜாசின், ஆசகான் என நீளும் அந்நிலப்பரப்பில் ஒரு காலத்தில் பால்மரங்கள் அணிவகுத்து நின்றன. இன்று பெரும்பாலும் செம்பனையே கண்ணில் படுகிறது. அந்த மரங்களின் நிழலில் நான்கு தலைமுறைத் தமிழர் வாழ்ந்து மறைந்தனர்.

அண்மையில் அவ்வட்டாரத்து மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். “ஐயா, தலைநகரில் புத்தாக்க மையங்கள் இருக்கின்றன. புதுத் தொழில் தொடங்குவோருக்கும், பசுமைத் தொழில்நுட்பம் காண்போருக்கும், சமூக நலத்தைக் கருதித் தொழில் நடத்துவோருக்கும் அவை கைகொடுக்கின்றன என்று படிக்கிறோம். அவை நமக்கும் உரியவைதாமா?” என்று கேட்டான். உரியவைதாம் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த விடை என் மனத்தை உறுத்திற்று. சட்டப்படி உரியது என்பது வேறு. அறத்தின்படி உரியது என்பது வேறு. ஒரு கண்டுபிடிப்பின் பயன் எவரெவரைச் சேர வேண்டும் என்பதே அவன் வினாவின் உட்பொருள். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புத்தாக்க மையம் என்பது என்ன? அறிவும் முதலும் ஓரிடத்தில் சந்திக்கும் களம் அது. அத்துடன், தோற்றுப் போனாலும் மீண்டும் முயலலாம் என்னும் துணிவையும் அது தருகிறது. இப்பொருளில் நோக்கினால், இது நேற்று முளைத்த புதுமை அன்று. நம் வரலாறே அப்படியொரு மையத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்ப் பூங்காவை வந்தடைந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, மரத்தை மாய்க்காமல் அதன் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். ரப்பர் பயிரிடுமாறு கண்டோரையெல்லாம் வற்புறுத்திய அவரைத் தோட்டக்காரர்கள் பித்தர் என்று எள்ளினர்.

அந்தப் பித்தரின் சொல்லைக் கேட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் அவர் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் மேலும் விரிவாக நட்டார். மலாயாவின் ரப்பர்த் தொழில் வணிக முறையில் வேரூன்றியது நம் மலாக்கா மண்ணில்தான். ரிட்லி அறிவைத் தந்தார்; டான் சாய் யான் முதலையும் துணிவையும் தந்தார். இன்றைய புத்தாக்க மையங்கள் சொல்லும் இலக்கணத்திற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

ஆயினும், இந்தக் கதையை நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திவிடுகின்றன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியும் ஏந்தி, மரத்துக்கு மரம் நடந்து, மயிரிழை பிசகாமல் பட்டையைச் சீவிய கைகளைப் பற்றி அவை பேசுவதில்லை. உளி ஆழப் பாய்ந்தால் மரம் காயப்படும். மேலோடு சென்றால் பால் வடியாது. இந்த நுட்பத்தை ரிட்லி ஒரு பூங்காவில் கண்டார் என்பது உண்மை. அதனை இலட்சக்கணக்கான மரங்களில் நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டியவர் தமிழ்த் தொழிலாளர். மெய்ப்பிக்கப்படாத கண்டுபிடிப்பு வெறும் கருத்தாகவே நின்றுவிடும் அன்றோ?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “தொழிலாளி கூலி பெற்றான், அத்துடன் கணக்குத் தீர்ந்தது. இழப்புக்கு அஞ்சாமல் முதலிட்டவன் இலாபத்தைப் பெறுவதே முறை” என்பர் சிலர். இது எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று. முதலிடுவோர் இல்லையேல் தொழில் இல்லை. தோல்வியை ஏற்பவனுக்கு வெற்றியில் மிகுதியான பங்கு உண்டு என்பதும் நேர்மையான கொள்கையே. ஆனால், அதே கொள்கையைக் கொண்டு தொழிலாளியின் நிலையையும் அளந்து பார்க்க வேண்டும். காடு வெட்டிய காலத்தில் மலேரியாவுக்கு உயிரைக் கொடுத்தவர் யார்? 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலையிழந்து கப்பலேறித் தமிழகம் திரும்பிய பல்லாயிரவர் யார்? முதலாளி பணத்தை இழந்தார். தொழிலாளி உயிரையும் ஊரையும் இழந்தார். இடரை ஏற்பவனுக்கே பலன் உரியது எனில், அந்தப் பலனில் தொழிலாளிக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். கூலி அன்றைய உழைப்புக்கு ஈடாகலாம். ஏற்ற இடருக்கு அது ஈடாகாது.

இனி நிலத்தின் கதைக்கு வருவோம். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட ஆங்கிலேயப் படைவீரர்கள் 1921 அளவில் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தை உருவாக்கினர். பெரும்போர் என்னும் பொருளில் அதற்குப் பிராங் பெசார் என்று பெயரிட்டனர். அது சாதாரணத் தோட்டம் அன்று. மிகுதியாகப் பால் தரும் தாய்மரங்களைத் தேர்ந்து புதிய ரகங்களை ஆக்கிய ஆய்வுக்களம் அது. அத்தோட்டத்தின் பெயரெழுத்துகளைத் தாங்கிய பிபி ரகங்கள் பல நாடுகளில் நடப்பட்டன. எந்த மரம் மிகுதியாகச் சுரக்கும் என்பதை முதலில் அறிபவன் அதன் மங்கில் பால் எடுப்பவனே. எனினும், அறிவியல் ஏடுகளில் அவன் பெயர் ஏறியதில்லை.

அந்தப் பிராங் பெசார் தோட்டத்தின்மேல்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அதனை அடுத்து, 1997இல் தொடங்கப்பெற்ற சைபர்ஜெயாவும் முன்பு தோட்டப்புறமாக இருந்த பகுதியே. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலும் ரப்பர்த் தோட்டமாக இருந்து, பின் விளையாட்டு நகராகவும் தொழில்நுட்பப் பூங்காவாகவும் மாறியது. அங்கே எஞ்சியிருந்த குடும்பங்கள் குடியிருக்க நிலம் கேட்டு 2011ஆம் ஆண்டிலும் போராடிக் கொண்டிருந்தன. 2014இல் சைபர்ஜெயாவில் தொடங்கப்பெற்ற மெஜிக் என்னும் மையம், புதுத் தொழில் முனைவோருக்கும் சமூகத் தொழில் முனைவோருக்கும் பயிற்சியும் வழிகாட்டலும் அளித்தது. 2021இல் அம்மையமும் புக்கிட் ஜாலில் தொழில்நுட்பப் பூங்காவும் ஒன்றிணைக்கப்பட்டு, மிராந்தி என்னும் அமைப்பு உருவாயிற்று.

இவற்றைக் குறை கூறுவதற்காக நான் சொல்லவில்லை. நாடு வளர நகரம் வளரும். நகரம் வளர நிலம் வேண்டும். அம்மையங்களில் உழைப்போர் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். எனினும், ஒரு வீட்டின் அடித்தளத்தில் பிறருடைய உழைப்பு புதைந்து கிடக்குமானால், அவ்வீட்டின் வாயிலில் அவருடைய பேரப்பிள்ளைகள் அயலாராக நிற்கலாமா? மாணவனின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அம்மையங்களில் நமக்குள்ள உரிமை கடன் கொடுத்தவனின் உரிமை. அதனைச் சலுகை என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

புத்தாக்கம் சிலருக்கு வாழ்வளிக்கும்போதே வேறு சிலரின் பிழைப்பைப் பறிப்பதும் உண்டு. செம்பனை இந்நாட்டில் பரவியபோது காய் நன்றாகப் பிடிக்கவில்லை. ஆதலின், பூக்களுக்குக் கையால் மகரந்தத் தூள் இடும் வேலை தோட்டங்களில் நடந்தது. பெண்கள் பலர் அவ்வேலையைச் செய்து வந்தனர். 1981ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொணரப்பட்ட ஒரு சிறு வண்டு ஜொகூர்த் தோட்டங்களில் விடப்பட்டது. அவ்வண்டு மகரந்தத்தைத் தானே சுமந்து சென்றது. காய்ப்பு பெருகிற்று, கையால் தூள் இடும் வேலை ஒழிந்தது. அறிவியலின் அரிய வெற்றி இது. வண்டை வேண்டா என்று சொல்வது பேதைமை. ஆனால், மிச்சமான கூலிப் பணம் யார் கணக்கில் சேர்ந்தது, வேலை இழந்த தாய்க்கு மாற்று வழி யார் காட்டினார் என்னும் வினாக்களைக் கேளாமல் விடுவதும் பேதைமையே.

அப்படியாயின், தொழிலாளர் எப்போதும் பிறர் கொடுப்பதை எதிர்நோக்கியே நின்றனரா? இல்லை. விடுதலைக்குப் பின் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழக்கும் நிலை வந்தது. அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்தார். பால்வெட்டுத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தினர். அப்பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலிக்கு உழைத்தவனே அத்தோட்டத்தின் பங்குதாரனும் ஆனான்.

சமூகத் தொழில் முனைவு என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்பே நம்மவர் அதனைச் செய்து காட்டினர் என்பதற்கு இதுவே சான்று. கண்ணாடிச் சுவர்க் கட்டடம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. கோயில் திடலும் தோட்டத்துப் பள்ளிக்கூடமுமே போதுமாயிருந்தன. இருப்பினும், இதிலும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நிலத்தை உடைமையாக்கிக் கொண்டோம். ஆய்வை உடைமையாக்கிக் கொள்ளவில்லை. புதிய ரகமும் புதிய கருவியும் வேறெங்கோ பிறந்து நம்மிடம் வந்தன. கூட்டுறவோடு ஆய்வும் கைகோத்திருந்தால் நம் நிலை இன்னும் உயர்ந்திருக்கும் எனலாம்.

தூய்மைத் தொழில்நுட்பத்தைப் பற்றியும் ஒரு சொல். செம்பனை ஆலைகளின் கழிவுநீர் ஒரு காலத்தில் நம் ஆறுகளை நாறடித்தது, மீன் மடிந்தது. ஆலை முதலாளிகளின் மனம் தானே இளகியதால் அந்நிலை மாறவில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே விதிமுறைகள் வந்தன. படிப்படியாகக் கடுமையாக்கப்பட்ட அவ்விதிகள் ஆலைகளை வழிக்குக் கொண்டு வந்தன. கழிவுநீரைக் குளங்களில் தேக்கி நுண்ணுயிர்களால் தூய்மையாக்கும் முறை பரவிற்று. இன்று அக்கழிவிலிருந்து எழும் எரிவாயுவைப் பிடித்து மின்சாரம் ஆக்குகின்றனர். அறிவு வழியைக் காட்டிற்று. அவ்வழியில் நடக்கச் செய்தது சட்டம். அறத்தைத் தனிமனிதரின் நல்லெண்ணத்திற்கு மட்டும் விட்டுவிடலாகாது என்பதை இதனின்றும் உணர்கிறோம்.

தமிழகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் ஈண்டுப் பொருந்தும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இயன்றவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு இயலாதவருக்கும் பார்வை தந்தார். கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அயல்நாட்டிலிருந்து வந்தமையால் விலை மிகுதியாக இருந்தது. 1992இல் அதனைத் தாமே செய்யும் தொழிற்கூடத்தை அமைத்து விலையைக் குறைத்தனர். இங்கே கண்டுபிடிப்பின் இலக்கு ஏழையின் கண்ணாக இருந்தது. வருவாய் அந்த இலக்குக்குப் பணி செய்தது.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் பெருந்தன்மையாளரின் செல்வத்திற்கு மூன்று உவமைகளைக் காட்டினார். ஊரார் நீருண்ணும் குளம் ஒன்று. ஊர் நடுவே பழுத்த பயன்மரம் மற்றொன்று. எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் மூன்றாவது. புத்தாக்க மையத்தையும் இம்மூன்றாலும் அளக்கலாம். குளத்திற்குக் கதவு இல்லை. அதுபோல் மையத்தின் வாயிலும் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு மொழியாலும் தொலைவாலும் அடைபடாதிருக்க வேண்டும். பழமரம் ஊருக்குள் நிற்பதால்தான் கை எட்டுகிறது; அதுபோல் தலைநகரில் மட்டுமன்றி, மலாக்கா, ஜாசின் போன்ற ஊர்களிலும் அதன் கிளை நீள வேண்டும். மருந்து மரம் நோயுற்றவனுக்குத் தப்பாமல் உதவும். அதுபோல் ஒரு புதுமையால் பிழைப்பிழந்தவனின் துயரையும் அம்மையம் தன் கணக்கில் எழுத வேண்டும்.

இறுதியாக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூற விழைகிறேன். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வென்று வருகின்றனர். பூரிப்படைகிறோம்; மாலை சூட்டுகிறோம். பின்னர் பதக்கம் பள்ளியின் கண்ணாடிப் பேழைக்குள் போய்விடுகிறது. அப்பிள்ளை ஆக்கிய கருவி பண்டக அறைக்குள் போய்விடுகிறது. அதனைத் தொழிலாக்க முதல் தருவார் யார், காப்புரிமை பெற வழி சொல்வார் யார் என்று நாம் கேட்பதில்லை. அன்று பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கிய சமுதாயம், இன்று பத்துப் பிள்ளைகளின் முயற்சிக்கு முதல் திரட்ட இயலாதா? டுரியான் துங்கலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதன் ஆய்வுக்கூடங்களைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு வாய் இல்லையா?

அந்த மாணவனை மறுபடி சந்தித்தபோது என் முதல் விடையைத் திருத்திச் சொன்னேன். “தம்பி, அவை உனக்கு உரியவை. உன் பாட்டனும் பாட்டியும் அவற்றின் விலையை முன்னரே கொடுத்துவிட்டனர். நீ போய்க் கதவைத் தட்டு. உள்ளே இடம் கிடைத்தபின், உனக்குப் பின்னால் வருபவனுக்காக அக்கதவைத் திறந்து வை” என்றேன். அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பிறகு, “தட்டுவதற்கு முன் என்ன செய்து கொண்டு போக வேண்டும், ஐயா?” என்று கேட்டான். அந்த வினாவிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கிற்று.