ரோஜா நிற மாத்திரை

என் அக்காவை நான் ஏமாற்றினேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, மாத்திரை விஷயந்தான். ஆனாலும் ஏமாற்று ஏமாற்றுதானே என்று மனசு குடைந்துகொண்டே இருக்கிறது. கதை எழுதுகிறவன் தன் குற்றத்தைக்கூடக் கதையாக்கி ஆறுதல் தேடிக்கொள்வான் என்று வாசகர்கள் நினைத்தால், நான் மறுக்கப் போவதில்லை.

அக்காவுக்கு வயது 72. எட்டு வருஷமாக ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் 5 மில்லிகிராம் அம்லோடிபின், ரோஜா நிறத்தில் ஒன்று. விரல் மூட்டுகளில் வலி. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவளால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு மாத்திரைகளைப் பிதுக்கி, அவளுடைய பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழில் போட்டு வைப்பது என் வேலை. அத்திம்பேர் காலமான பிறகு அந்தச் சிமிழுக்கு வேறு உபயோகம் இல்லை.

ஒருநாள் நண்பர் ஒருவர் சொல்லி, ஜெனரிக் மருந்து விற்கும் கடைக்குப் போனேன். அதே அம்லோடிபின், அதே 5 மில்லிகிராம், நாலில் ஒரு பங்கு விலை. நிறம் மட்டும் வெள்ளை. அக்கா சந்தேகப் பிராணி. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள். ஆகையால் சொல்லாமல் சிமிழில் போட்டேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததையே அநுமதியாக எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்கு 20 வருஷம் பேடண்ட் உரிமை உண்டு. அது தீர்ந்ததும் அதே மருந்தை மற்றவர்களும் செய்யலாம், விலை இறங்கிவிடும். நம் தேசத்தில் விஷயம் இன்னும் வேடிக்கை. 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துக்கு உரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்குத்தான் தந்தது. 2005-இல்தான் அது மாறியது. ஆகவே ‘நல்ல கம்பெனி மருந்து’ என்று நாம் பெயர் சொல்லி வாங்குவதில் பெரும்பகுதி, யாரோ கண்டுபிடித்ததை இங்கே செய்து பெயர் சூட்டியதுதான். அக்காவின் ரோஜா மாத்திரையும் அந்த வம்சந்தான்.

வித்தியாசம் கூடச் சேரும் சரக்கில் இருக்கிறது. 5 மில்லிகிராம் என்பது ஓர் அரிசியின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு. தனியே கொடுத்தால் மூச்சுக் காற்றில் பறந்துவிடும். ஆகவே பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ், மக்காச்சோள மாவு, மரநாரிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று எதையாவது சேர்த்து அழுத்துகிறார்கள். அச்சில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் மெக்னீஷியம் ஸ்டியரேட். சிலவற்றுக்கு மேலே மெல்லிய பூச்சும் சாயமும். இவற்றுக்கெல்லாம் ‘வேலை செய்யாத பொருள்கள்’ என்று பெயர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிறவர்கள் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் ஊருக்குப் போனால்தானே தெரிகிறது!

மூன்றாம் மாதம் அக்காவுக்குத் தலை சுற்றியது. டாக்டர் அளந்து பார்த்தார், 170-க்கு 100. கொண்டுபோயிருந்த சிமிழைத் திறந்தார்.

“மாத்திரையை மாத்தினீங்களா சார்? இந்த மலிவு மாத்திரையெல்லாம் கேக்காது.”

குற்றம் செய்தவனுக்கு உடனே ஓர் எதிரி வேண்டும். எனக்கு அந்த வெள்ளை மாத்திரை கிடைத்தது. நண்பர்களிடமெல்லாம் அதை ஏசினேன். ஆதாரம் தேடிப் படித்தேன். கிடைக்கவும் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில், 1968-69-இல், வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் சாப்பிட்டு வந்தவர்கள் பலருக்கு, அளவு மாறாமலே, மருந்து மிகுந்துபோனதற்கான கோளாறுகள் கண்டன. விசாரித்தால், காப்ஸ்யூலில் நிரப்பும் பொருளைக் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸாக மாற்றியிருந்தார்கள். முன்னது இருந்தபோது மருந்தில் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலே போய்க்கொண்டிருந்தது. லாக்டோஸ் அதைத் தாராளமாக உள்ளே விட்டுவிட்டது. வேலை செய்யாத பொருள் செய்த வேலை அது!

படித்துவிட்டுக் குதித்தேன். நிதானமாகப் படித்திருந்தால், அது என் கட்சிக்கு உதவாது என்று தெரிந்திருக்கும். அங்கே மலிவு மருந்துக்கு யாரும் மாறவில்லை. மருந்து அதேதான், உள்ளே நிரப்பும் பொருள்தான் மாறியது. இன்று ஜெனரிக் செய்கிறவர்கள் பல மருந்துகளுக்கு, மனிதர்களுக்குக் கொடுத்து ரத்தத்தில் அளந்து காட்டவேண்டும். மூல மருந்தை 100 என்று வைத்தால், கணக்கின் இரு எல்லைகளும் 80-க்கும் 125-க்கும் உள்ளே அடங்கவேண்டும். நம் நாட்டில் நீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு 2017 முதல் இது கட்டாயம். வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து போன்ற சிலவற்றில் இம்மியளவு வித்தியாசமும் பேசும். அவற்றை டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. அம்லோடிபின் அவ்வளவு கோபக்காரன் அல்ல.

ரோஜா மாத்திரையை மறுபடி வாங்கி வந்த அன்று, அக்கா புடவை அடுக்கிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். அத்தனையும் வெள்ளை மாத்திரைகள். எண்ணினேன், 37.

“இதை முதல்ல தீர்த்துடலாமே. வீணாப் போகுமே.”

“ஏது இது?”

“நிறம் மாறின அன்னிக்கே பாத்தேன். உனக்குக் கையில காசு இல்லே போலிருக்கு, சொல்லக் கூச்சப்படறேன்னு நெனச்சேன். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டேன். ஒரு மாசம் உன்னால வாங்க முடியாமப் போனாக் கைகொடுக்குமேன்னு எடுத்து வச்சேன்டா.”

நான் ஊரெல்லாம் அவதூறு சொன்ன மாத்திரை ஒரு பாவமும் அறியாதது. அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களைப் பற்றி 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியபின் மருந்தை நிறுத்திவிடுவது அதிகமாகக் காணப்பட்டது. அந்த வீடுகளிலும் எத்தனை பொட்டலங்கள் இருந்தனவோ!

சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1981-இல் பிரிட்டனில் தலைவலிக்காரப் பெண்கள் 835 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பிரபலமான பெயரோடு கொடுத்த ஆஸ்பிரின், பெயரில்லாத ஆஸ்பிரினைவிட நன்றாகக் கேட்டது. மருந்தே இல்லாத போலி மாத்திரைகூடப் பெயரோடு கொடுத்தபோது, பெயரில்லாத போலியைவிட நன்றாகக் கேட்டது. அப்படியானால் பெயரும் ஒரு சரக்குத்தான். “இது மலிவு” என்று அக்காவிடம் சொல்வது, மருந்தில் ஒரு பகுதியை நானே பிடுங்கிக்கொள்வதாகாதா? நல்லெண்ணத்தோடு மறைக்கிறவன் இப்படித்தான் வாதாடுவான். ஆனால் இந்த வாதத்தில் அக்கா ஒரு வயிறாகவும் ரத்தக் குழாயாகவும் மட்டுமே இருக்கிறாள். சிமிழைத் திறந்து பார்த்து, தம்பியின் வறுமையை ஊகித்து, பொட்டலம் கட்டி வைத்த ஒருத்திக்கு அதில் இடமே இல்லை.

அன்று மாலை இரண்டு அட்டைகளையும் அவள் முன் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். இரண்டிலும் மருந்தின் பெயர் ஒன்றே என்று அவளே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். காசு இருக்கிறது என்றும் சத்தியம் செய்தேன். அதைத்தான் அவள் கடைசியில் நம்பினாள். பொட்டலத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, ஒரு மாசம் தினமும் சாப்பிடட்டும், பாப்போம்” என்றார். வெள்ளையையே சாப்பிட்டாள். 134-க்கு 82.

ஆனால் அக்காவுக்கு ஒரு குறை. “ரோஜா மாத்திரை நாக்கில பட்டாலும் தெரியாது. இது கசக்குதுடா” என்கிறாள். முன்பாக இருந்தால் மனப் பிரமை என்றிருப்பேன். சிமிழிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசக்கத்தான் செய்கிறது.