துருவும் உண்மையும்

விற்கிறவன் தன் பொருளின் குறையைத் தானே எடுத்துச் சொல்லத்தான் வேண்டுமா? கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் சும்மா இருக்கலாம் என்பது உலக வழக்கம். அந்த வழக்கம் நியாயந்தானா என்று என்னை யோசிக்க வைத்தது ஆரணியில் ஒரு பழைய மோட்டார் கார்.

அங்கே பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1961 முதல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவான இனம் அது. ஹெரால்டின் கூரை போல்ட்டுகளால் முடுக்கியது. முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டுத் துணிக் கூரை போட்டுத் திறந்த காராக்கியிருக்கிறார். துணி நைந்துவிட்டது; கதவுக்கடியில் துரு. 'புதுப்பித்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்றது. உள்ளது உள்ளபடி' என்று சொல்லி விற்க நினைத்தார் நண்பர்.

"வெளியிலே தெரிகிற துருவை வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார். அடியிலே சேஸிஸ் அரித்திருப்பதையும் நானேவா சொல்லவேண்டும், சார்?" என்றார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவர் குழந்தையல்ல, கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வரலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அதன் 17-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: நலமில்லாத குதிரை என்று தெரிந்தும் ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாயே திறக்கவில்லை, அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குகிறவள் அப்போதுதான் மேஜரான அவனுடைய சொந்த மகளாக இருந்தால், சொல்லவேண்டிய கடமை அவனுக்கு உண்டு.

இந்த வாதத்துக்கு வயது மிக அதிகம். பழுதான வீட்டை விற்கிறவன் பழுதைச் சொல்லவேண்டுமா என்று இரண்டு தத்துவ ஞானிகள் மாறுபட்டதைக் கி.மு. 44-இல் ரோமாபுரியின் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார் ஒருவர். தெரிந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார் மற்றவர். சிசரோ இரண்டாமவர் பக்கமே சாய்ந்தார்.

நானும் அந்தப் பக்கந்தான். காரணம், நண்பர் விற்பது வெறும் இரும்பை அல்ல. வெறும் இரும்பென்றால் எடை போட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம். 'புதுப்பிக்கலாம்' என்று சொல்லும்போதே அவர் ஒரு நம்பிக்கைக்கும் சேர்த்து விலை கேட்கிறார். ஹெரால்டில் உடல் தனி, சேஸிஸ் தனி. கதவு போனால் வேறு கதவு தேடலாம். உடலைத் தாங்கும் சேஸிஸ் அரித்துப்போனால் அந்த நம்பிக்கையின் அடித்தளமே போயிற்று. கூரையின் கதையும் அப்படித்தான். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை அருமைப் பழமைகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாத வண்டியாக இருக்கவேண்டும் என்பது அதில் நிபந்தனை. கூரை கழற்றிய கதை தெரியாமல் வாங்குகிறவர் பட்டறைக்குக் கொட்டி அழுத பிறகு அங்கே போய் விழிப்பார்.

இதற்கு விடை நண்பரின் கடையிலேயே இருந்தது. பட்டு நூலில் வெள்ளி சுற்றிப் பொன் முலாம் பூசிய அசல் ஜரிகையும், செம்பை ஆதாரமாகக் கொண்ட 'டெஸ்டட்' ஜரிகையும் கடை விளக்கில் ஒன்றுபோலத்தான் மின்னும். ஆயினும், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த கிராமத்து அம்மாளிடம், "இது அசல் இல்லைம்மா, டெஸ்டட், அதனால்தான் விலை குறைவு" என்று அவரே முந்திக்கொண்டு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஜரிகைக்கு ஒரு தர்மம், துருவுக்கு ஒரு தர்மமா?

"சொன்னால் விலை குறையுமே!" என்றார்.

குறையும். ஆனால் அப்படிக் குறைகிற தொகை நம்முடைய நஷ்டம் அல்ல. அடுத்தவருடைய அறியாமையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இருந்த பணம். தெரியாத குறைக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டால் போதும்; பிறகு ஆசைப்பட்டு வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டே வாங்குகிறார்.

சட்டம் மகளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லச் சொல்கிறது. நம்மிடம் உண்மையைக் கேட்க ஒருவர் நமக்கு மகளாய்ப் பிறந்திருக்க வேண்டுமா என்ன?