கையொப்பமில்லாத கடிதம்

புதிதாக ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கினால், பெயரைக் கேட்பதற்கு முன்பே ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்று விசாரிப்பது எங்கள் கரிசற்காட்டு வழக்கம். ஊர் தெரிந்துவிட்டால் குலமும் குலதெய்வமும் உறவுமுறையும் தாமே விளங்கிவிடும் என்பது இங்குள்ளோர் சித்தாந்தம். இத்தகைய பூமியில், குண்டாற்றங்கரைத் திருச்சுழியில், 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷியாகி, வந்தவர்க்கெல்லாம் ‘நான் யார்?’ என்னும் விசாரத்தை உபதேசித்தார்.

1896 ஆகஸ்ட் 29 அன்று, மதுரையில் சிற்றப்பா வீட்டைத் துறந்து அருணாசலத்துக்குப் புறப்படுகையில் அவர் எழுதிவைத்த கடிதம், ‘நான்’ என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே தன்னை ‘இது’ என்று சுட்டி, கையொப்பத்துக்குரிய இடத்தில் வெறுங்கோடாக முடிகிறது. அகங்கார நாசத்தைப் பற்றி வேதாந்திகள் எழுதிக் குவித்த வியாக்கியானங்களைவிட இந்தச் சில வரிகளே எனக்குப் பிரமிப்பூட்டுகின்றன. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்து, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறவாமல் குறித்திருக்கிறார். பெயரை உதறியவர் கணக்கை உதறவில்லை!

இப்படி வீட்டைவிட்டுப் போனவனைத் தேடும் கதையொன்று நினைவுக்கு வருகிறது. 2023இல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்ற, ஃபாம் தியென் ஆனின் மூன்று மணிநேர வியத்நாமியப் படத்தில், அண்ணியின் சடலத்தைச் சைகோனிலிருந்து சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் ஒருவன், என்றோ குடும்பத்தைவிட்டு மறைந்துபோன அண்ணனைத் தேடி அலைகிறான். மறைந்தவன் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை அறிய அவனுக்கு வழியில்லை. நமக்கோ கடிதம் இருக்கிறது. தன்னைத் தேடிப் பணம் செலவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அதே கடிதம், தன் தகப்பனாரைத் தேடி, அவர் உத்தரவுப்படியே கிளம்பியதாகவும் சொல்கிறது. அந்தத் தகப்பன் ஆத்மாவே, அங்கே உறவேது என்று வேதாந்தி மறுக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்த பிள்ளை, ‘நான்’ என்பதைக் கைவிட்ட வேளையிலும் ‘தகப்பனார்’ என்ற சொல்லைக் கைவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது.

1898இல் அழைக்க வந்த தாய் அழகம்மை அழுதும் இரங்காமலிருந்த அதே மகனிடம், 1916இல் அவள் நிரந்தரமாகவே வந்து சேர்ந்தாள். 1922இல் அவள் மறைந்தபின் அவர் அருணாசல மலையிலிருந்து இறங்கித் தங்கியது தாயின் சமாதியருகே, இன்று ரமணாசிரமம் இருப்பதும் அங்கேதான். திருச்சுழிக்கு அவர் திரும்பவேயில்லை. அவர் பிறந்த வீடு, தந்தை சுந்தரமையரின் பெயரால் இன்று சுந்தர மந்திரம் என்று வழங்குகிறது.