அந்த அறையில் அமரலாமா?

தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். படிப்பகத்திலே வளர்ந்தவர், சோதிடனை மேடையேற்றிக் கேள்வி கேட்டுத் திணறடித்தவர். ஆனால் அந்தி சாய்ந்தால் அவரது கால்கள் கடைக்குத்தான் நடக்கும். விட்டுவிட மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் தோற்றார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று ஊரிலே நடப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். போனாரா? வாயிற்படி வரையிலே போனாராம். உள்ளே யாரோ 'நம்மினும் மேலான சக்தி' என்று பேசியது காதில் விழுந்ததாம். திரும்பிவிட்டாராம்!

"பகுத்தறிவாளன் அந்த அறையில் அமரலாமா?" என்று கேட்டார். கேட்ட கையிலே நடுக்கம் இருந்தது. கொள்கையா உயிரா என்று மிரட்டி அனுப்புவது நமது வழக்கமன்று, ஆராய்ந்தோம்.

அந்தக் கூட்டத்தின் பிறப்பு 1935-இல், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரிலே. பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், வந்த வணிகம் தோற்றுப்போய் விடுதிக் கூடத்திலே நிற்கிறார். ஒருபுறம் மதுவறையின் சிரிப்பொலி; மறுபுறம் தொலைபேசி. தன்னைப் போன்ற இன்னொரு குடியரைத் தேடித் தொலைபேசியை எடுத்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித்; அறுவை மருத்துவர், பெருங்குடியர். கால்மணி நேரம்தான் என்று முகம் சுளித்து வந்த மருத்துவர் மணிக்கணக்கில் அமர்ந்துவிட்டார். ஏன்? அறிவுரை அவர் கேளாததா? குடலும் ஈரலும் கெடும் என்பது மருத்துவருக்குத் தெரியாததா? வந்தவர் உபதேசம் செய்யவில்லை. தாம் விழுந்த கதையைச் சொன்னார். அதுமட்டுமா? "உம்மைக் காக்க வந்தேன்" என்ற பெருமிதமும் அவரிடம் இல்லை. பேசினால்தான் தாம் அன்றிரவு குடிக்காமலிருக்க முடியும் என்று வந்தவர் அவர்! அந்த ஆண்டு சூன் 10-ஆம் நாளையே ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இருவரும் கடவுள் நம்பிக்கையினர். மறைப்பானேன்? ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறித்துவ இயக்கத்தில் தோய்ந்தவர்கள். 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலின் பன்னிரண்டு படிகளிலே கடவுள் வருகிறார். ஆனால் அந்த அறைக்குள்ளேயே ஜிம் பர்வெல் என்ற மறுப்பாளர் இருந்தார். அவரைப் போன்றோர் வாதாடியதால்தான் அவரவர் புரிந்துகொண்டபடி என்னும் பொருளிலே ஒரு தொடர் சேர்ந்தது. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, குடியை விடும் விருப்பம். 1975-இல் சிகாகோவிலே நம்பிக்கையற்றோர்க்கென்றே ஒரு குழு எழுந்தது. கடவுளைத் தொடாத ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பும் 1994 முதல் இயங்குகிறது. எல்லா ஊரிலும் அது கிடைக்குமா? கிடைக்காது. கிடைக்கிற அறையைப் பற்றித்தான் நமது பேச்சு.

தோழரைக் குத்திய முள் கடவுளன்று என்பது போகப்போக விளங்கிற்று. மதுவின் முன் நான் வலுவற்றவன் என்று ஒப்புக்கொள்வதுதான் அங்கே முதற்படி. "சுயமரியாதைக்காரன் அதைச் சொல்வதா?" என்று கொதித்தார். நாம் கேட்டோம்: நீரிழிவுக்காரர் 'சர்க்கரையை மனவுறுதியால் வெல்வேன்' என்று மருந்தை வீசினால் அதைப் பகுத்தறிவு என்போமா? நெடுநாள் மதுவிலே ஊறிய உடல், அதைத் திடீரென நிறுத்தினால் நடுங்குகிறது. வலிப்பு வரும், பிதற்றல் வரும், உயிரே போவதும் உண்டு. (ஆகவே மிகுதியாகக் குடிப்பவர் முதலில் மருத்துவமனைக்கும் பிறகு கூட்டத்துக்கும் போவதே முறை.) ஆண்டவனை இறக்கிவிட்ட பீடத்திலே மனவுறுதி என்ற புதிய ஆண்டவனை ஏற்றி வைத்து, மூன்று முறை வேண்டி, மூன்று முறையும் வரம் கிடைக்காமல், நான்காம் முறையும் அதன் முன்னே நிற்பது எந்த வகை வழிபாடு, தோழரே?

பயன் உண்டா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியவற்றை, காக்ரேன் அமைப்பு 2020-இல் ஒருங்கே எடைபோட்டது. இக்கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருப்பதிலே பிற சிகிச்சைகளுக்கு இளைத்ததன்று, பலவற்றினும் மேலானது என்று கண்டது. எல்லோருக்கும் பயன்பட்டது என்று அது சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். மேலுலகச் சக்தியாலா அந்தப் பயன்? ஒருவர் விழுந்ததைக் கேட்டு இன்னொருவர் எழுவதும், குடிக்காத நண்பர்கள் கிடைப்பதும், தவிக்கும் இரவிலே அழைக்க ஒரு தொலைபேசி எண் இருப்பதும் போதாதா என்பது நமது கேள்வி.

2003 முதல் இந்நாட்டிலே மதுவை அரசே சில்லறையில் விற்கிறது. கடை எங்கே என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கூட்டம் எங்கே? அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலே கேட்கலாம். குடிநோய்ச் சிகிச்சை நிலையத்திலே கேட்கலாம். பள்ளி அறையோ, மாதா கோயில் கூடமோ, வாரத்தில் ஒரு மாலை. கட்டணம் இல்லை. பெயரின் பின்னே ஒட்டிய வாலை யாரும் கேட்பதில்லை. பெயர் மட்டும் போதும். திறந்த கூட்டமென்றால் மனைவியும் உடன் வரலாம்.

தோழர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவர்கள் பிரார்த்தனை சொல்லும்போது நான் என்ன செய்வது?"

"சும்மா உட்கார்ந்திருங்கள்," என்றோம். "முடிந்ததும் தேநீர் தருவார்கள்."